வேதவதியின் இரண்டு பந்துகள்

வேதவதியை அந்தப் பெண்கள் கல்லூரியில் கால்பந்துப் பயிற்சியாளராகத்தான் எடுத்தார்கள், ஒரு வருட ஒப்பந்தத்தில். ஸ்ரீரங்கம் கோயிலில் பிரபந்தம் ஓதிச் சேவிக்கிறவரின் மகள் விசிலும் கையுமாக மைதானத்தில் நிற்பதைப் பற்றிக் கோயிலைச் சுற்றிய உத்தர வீதியில் சிலர் பேசி, பிறகு ஓய்ந்திருந்தார்கள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மைதானம் குளமாகி, கோல்கம்பங்கள் தண்ணீரில் தலைகீழாக நின்றன. கூரை போட்ட கூடைப்பந்துத் தளம் மட்டும் காய்ந்திருந்தது. கூடைப்பந்து அணியில் ஆடியவர்கள் படிப்பை முடித்துப் போய்விட்டார்கள், பயிற்சியாளரும் வேலையை விட்டிருந்தார். கால்பந்துப் பெண்களையே கூடைப்பந்துப் போட்டிக்கு அனுப்பிவிடலாம் என்றார் கல்லூரி முதல்வர். வேதவதி அதுவரை கூடைப்பந்து ஆடியதே இல்லை.

போட்டிக்கு முன் ஆடிய நான்கு பழக்க ஆட்டங்களிலும் தோற்றார்கள். பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓடச் சொன்னால் பந்து ஒரு பக்கம் போயிற்று, பெண் ஒரு பக்கம் போனாள். ஒருத்தி பழக்கதோஷத்தில் காலால் பந்தை நிறுத்தினாள், பார்வையாளர்கள் சிரித்தார்கள். கோல்கீப்பராக இருந்த பெலிண்டாவுக்கு மட்டும் கைகள் பேசின. பொன்மலை ரயில்வே குடும்பத்துப் பெண், பந்து எங்கிருந்து வந்தாலும் பிடித்துவிடுவாள்.

ஒரு நாள் காலை, தூறலில், வேதவதி பஸ்ஸில் காவிரிப் பாலத்தைக் கடந்துகொண்டிருந்தாள். நீர் இரு கரையும் தொட்டுப் போயிற்று. தூணில் மோதிப் பிரிந்து, அப்பால் சேர்ந்தது. பார்த்துக்கொண்டே கண் அயர்ந்தாள். அந்த அரைத் தூக்கத்தில் அவளுடைய பெண்கள் நீருக்குள் சத்தமில்லாமல் ஓடினார்கள். பந்து யாரிடமும் நிற்கவில்லை. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மிதந்து போய்க்கொண்டேயிருந்தது. விழித்தபோது இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போயிருந்தது. மழையில் நனைந்தபடி திரும்பி நடந்தாள்.

அன்று அவர்களிடம், "தரையில தட்டவே வேண்டாம். கைக்கு வந்ததும் விட்டுடுங்க. விட்டவ நிக்காம ஓடணும், அவ்வளவுதான்," என்றாள்.

அது அவர்களுக்குத் தெரிந்த ஆட்டம்தான். கால் செய்ததைக் கை செய்தது. பந்து தரையைத் தொடாமல் வந்தபோது எதிரணிகள் திகைத்துப் போயின. போட்டியில் வரிசையாக ஐந்து ஆட்டங்கள் ஜெயித்தார்கள். துறையூரில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஒரே புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்கள். ஆனாலும் கல்லூரி அதுவரை இறுதி ஆட்டம் வரை போனதில்லை.

தை பிறந்ததும் முதல்வர் அவளைக் கூப்பிட்டார். கூடைப்பந்துப் பயிற்சியாளராக நிரந்தர வேலை தருவதாகவும், கால்பந்து மைதானத்தில் புதிய ஆய்வகக் கட்டடம் வரப்போவதாகவும் ஒரே மூச்சில் சொன்னார். வேதவதி ஒரு நாள் அவகாசம் கேட்டாள்.

வெளியே பெலிண்டா நின்றிருந்தாள். செய்தி அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது.

"இந்த ஆட்டமும் நல்லாத்தான் இருந்துச்சு மேம். ஆனா ஒவ்வொரு மேட்ச்லயும் எனக்குப் பின்னாடி கோல் இருக்கான்னு திரும்பித் திரும்பிப் பாத்தேன்."

அந்தப் பெண்களின் ஆசையைக் கடன் வாங்கித்தான் தனக்கு இந்த வேலை கிடைத்திருக்கிறது என்று வேதவதிக்குத் தோன்றியது.

மறுநாள் முதல்வரிடம், வேலையை ஏற்றுக்கொள்வதாகவும், ஆனால் கால்பந்து அணியின் பெயரைக் கல்லூரிப் பட்டியலிலிருந்து எடுக்கக் கூடாது என்றும் எழுதிக் கொடுத்தாள்.

"எங்க ஆடுவீங்க?" என்று கேட்டார் அவர்.

"கொள்ளிடத்துல தண்ணி வத்திடுச்சு மேடம்."

அவர் அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

பங்குனிக் காலைகளில் பெண்கள் கொள்ளிட மணலில் இறங்கினார்கள். கால் புதைய ஓடுவது கனவில் ஓடுவதுபோல் மெதுவாகத்தான் வந்தது. வெயில் ஏறும்வரை ஆடினார்கள். அந்த வருடம் பல்கலைக்கழகக் கால்பந்து அணிக்கு இரண்டு பேர் தேர்வானார்கள், அதில் பெலிண்டாவும் ஒருத்தி. செய்தி வந்த காலையில் வேதவதி விசிலைக் கழற்றி மணலில் வைத்துவிட்டு, ஆள் குறைந்த பக்கத்தில் தானும் சேர்ந்து ஆடினாள்.