பருந்தக்காவின் சிவப்பு

சாயப்பட்டறையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட யாரும் இல்லை. பருந்தக்கா என்றால்தான் தெரியும். சாயம் ஏறி வந்த துணியில் ஒரு துண்டு வெட்டிக் கொண்டுவந்து நீட்டினால், நீட்டியவன் கையை இழுத்துக்கொள்வதற்குள் மஞ்சள் தூக்கலா, நீலம் குறைச்சலா என்று சொல்லிவிடுவாள். தன் கண்ணைப் பற்றி அவளுக்குக் கர்வம் உண்டா என்று கேட்டால், உண்டு. ஏன் இருக்கக் கூடாது? பாடுகிறவளுக்குத் தன் குரலைப் பற்றி இருக்கலாம், இவளுக்குத் தன் கண்ணைப் பற்றி இருக்கக் கூடாதா?

நிறம் சரிபார்க்கிற ஷேடு அறை பட்டறையின் ஒரு மூலையில் இருந்தது. வெயில் நேராக விழாத ஜன்னல், அதன் கீழே நீள மேசை, மேசைக்கு மேலே வெள்ளை விளக்கு, சுவரோரம் சாம்பிள் துணி வைக்கும் இழுப்பறைகள். வேலை பார்ப்பது இரண்டே பேர். ஒருத்தி இவள், இன்னொருத்தி இவளுடைய ஓரகத்தி. ஒரே வீட்டு மருமகள்கள் இரண்டு பேர் ஒரே அறையில் உட்கார்ந்தால் குடுமிப்பிடிச் சண்டை நடக்கும், வேடிக்கை பார்க்கலாம் என்று காத்திருந்து ஏமாந்தவர்கள் பட்டறையில் நிறைய. சண்டையெல்லாம் வரவில்லை. ஆனால் இளையவளிடம் இருந்த ஒரு பழக்கத்தைப் பார்த்தால் மட்டும் பருந்தக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சின்னவள் நாலைந்து துண்டு பார்ப்பாள், எழுந்து வெளியே போய்விடுவாள். குடோனுக்குப் பின்னால் வண்ணம் பூசாத ஒரு சிமெண்டுச் சுவர் உண்டு. அதற்கு எதிரே நின்று, மாப்பிள்ளையைப் பார்க்கிற மாதிரி அதையே பார்த்துக்கொண்டு நிற்பாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு திரும்பி வருவாள். கேட்டால், கண்ணைக் காலி பண்ணிட்டு வரேன் என்பாள். பருந்தக்காவின் பாஷையில் இதற்குப் பெயர் சோம்பல். அவளெல்லாம் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். சாப்பாட்டைக்கூட ஒரு கையில் வைத்துக்கொண்டு இன்னொரு கையால் துண்டைப் புரட்டுவாள். லீவு என்று ஒன்று இருப்பது அடுத்தவர்கள் போடும்போதுதான் அவளுக்கு ஞாபகம் வரும்.

இப்படி இருக்கும்போதுதான் நாடக அரங்கத்தின் திரை வந்தது. பழைய அரங்கம், புதுப்பித்துத் திறக்கப் போகிறார்கள். மேடையின் இரண்டு பக்கமும் தொங்குகிற பழைய சிவப்புத் திரைகள் நன்றாக இருந்ததால் அப்படியே விட்டுவிட்டார்கள். நடுவில் விழுகிற பெரிய திரைதான் புதிது. பழைய சிவப்பும் புதுச் சிவப்பும் ஒரே துணியாகத் தெரிய வேண்டும். பழையதிலிருந்து ஒரு துண்டை வெட்டி சாம்பிளாகக் கொடுத்தனுப்பியிருந்தார்கள்.

அவ்வளவு பெரிய துணிக்கு ஒரே தடவையில் சாயம் ஏற்ற முடியாது. தொட்டி கொள்கிற அளவுக்குப் பிரித்துப் பிரித்துத்தான் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு தடவை ஏற்றுவதற்கும் ஒரு லாட் என்று பெயர். லாட்டுக்கு லாட் நிறம் மாறாமல் பார்ப்பதுதான் ஷேடு அறையின் வேலை. முதலாளி இவளைக் கூப்பிட்டுச் சொன்னார், இந்தத் திரை நல்லபடியாகப் போனால் ஷேடு அறைக்கு இனி அவள்தான் தலைமை என்று. இத்தனை வருஷமாக அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தவள் அவள்தான். பதவி மட்டும் சாயம் ஏற்றுகிற மாஸ்டரிடம் இருந்தது. அது தன் பேருக்கு வர வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அந்த ஆசையை அவள் யாரிடமும் மறைத்ததும் இல்லை.

அவ்வளவுதான், பேய் பிடித்த மாதிரி ஆகிவிட்டாள். முதல் லாட்டு நன்றாக அமைந்தது. சாம்பிளோடு வைத்துப் பார்த்து அவளும் சின்னவளும் சேர்ந்தே சரி என்றார்கள். அடுத்ததிலிருந்து சின்னவளை வேறு வேலைக்குத் தள்ளிவிட்டாள். நீ சுவத்தப் பாத்துக்கிட்டிரு, சிவப்ப நான் பாத்துக்கிறேன் என்றாள். சின்னவள் மேசையின் மறுகோடியில் தலையணை உறைத் துணிகளைப் பார்க்கப் போனாள்.

காலையில் முதல் ஆளாக வந்து கடைசி ஆளாகப் போனாள் பருந்தக்கா. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு என்பார்களே, அப்படிப் பார்த்தாள். வீட்டில் அவள் முகத்தைப் பார்ப்பதே அபூர்வமாகிவிட்டது. உடம்பு இருக்குதா, அதையும் பட்டறையில விட்டுட்டு வந்துட்டியா என்று அவள் மாமியார் கேட்டாள். மகள் புதுப் பாவாடையைக் கட்டிக்கொண்டு வந்து எதிரே நின்றபோது, நல்லா இருக்குடி என்றாள். அம்மா, நான் இன்னும் திரும்பியே நிக்கலையே, பின்னால கிழிஞ்சிருக்கு, அதத்தான் காட்ட வந்தேன் என்றது பிள்ளை. கணவர் அவள் தட்டை எடுத்துக் கழுவி வைத்தார்.

இந்த ஓட்டத்தில்தான் அவள் ஒரு காரியம் செய்தாள். சாம்பிள் துண்டு வெளிச்சத்தில் கிடந்தால் வெளுத்துவிடும் என்று அதை இழுப்பறைக்குள் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் அதைப் பிரித்து எடுத்துப் பார்த்து, மறுபடி சுற்றி வைப்பது பெரிய இழவாக இருந்தது. முந்தின லாட்டின் துண்டோ மேசை மேலேயே கிடந்தது. அதுதான் சரி என்று ஏற்கெனவே ஆகிவிட்டதே, அதோடு வைத்துப் பார்த்தால் என்ன? வைத்துப் பார்த்தாள். ஒத்துப்போனது. அதற்கு அடுத்து வந்ததை இதோடு வைத்துப் பார்த்தாள். அதுவும் ஒத்துப்போனது. பட்டறையில் புதிதாகச் சேர்ந்தவன் இதைச் செய்திருந்தால் அவனை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பாள்.

கடைசி லாட்டும் வந்து, அதற்கும் சரி சொல்லியாகிவிட்டது. அன்று மதியம் சின்னவள் மேசையைத் துடைக்கும்போது எல்லாத் துண்டுகளையும் வரிசையாகப் பரப்பினாள். முதலாவதை எடுத்தாள், கடைசியை எடுத்தாள், இரண்டையும் ஒட்டி வைத்தாள். ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதை அப்படியே கொண்டுவந்து மூத்தவள் முன்னால் வைத்தாள்.

"அக்கா, இதக் கொஞ்சம் பாருங்க."

"என்னத்தப் பாக்கச் சொல்ற? ரெண்டும் ஒண்ணுதானே."

அந்த நேரம் பார்த்து மாஸ்டர் உள்ளே வந்தார். மேசையை எட்டிப் பார்த்துவிட்டு, என்னக்கா, ரெண்டு பார்ட்டிக்கு ரெண்டு சிவப்பா என்று சாதாரணமாகக் கேட்டார். தண்ணீர் கேன் தூக்கி வந்த ஆள்கூட நின்று பார்த்து, இது ரத்தம் மாதிரி, அது செங்கல் மாதிரி என்று சொல்லிவிட்டுப் போனான்.

பருந்தக்கா மறுபடி பார்த்தாள். குனிந்து பார்த்தாள். விளக்கைப் போட்டுப் பார்த்தாள், அணைத்துப் பார்த்தாள். அவளுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. நிறம் மாறியிருக்கிறது என்பதைவிட, ஊருக்கே தெரிவது தனக்குத் தெரியவில்லையே என்பதுதான் அவளை உலுக்கிவிட்டது. கண் போய்விட்டதா? அந்தக் கண் இல்லாவிட்டால் அவள் யார்?

அழுகை வரும்போல இருந்தது. சின்னவள் அவள் கையைப் பிடித்துத் தூக்கினாள். குடோனுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய், கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு டிரம்மின் மேல் அந்த நரைத்த சுவரைப் பார்க்க உட்கார வைத்தாள். சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்கு முதலில் சுவரில் பச்சை பச்சையாக என்னவோ நீந்தியது. சின்னவள் பக்கத்தில் நின்றுகொண்டாள். பின்னால் இருந்த குடோன் சுவரில் சாய்ந்தபடியே மூத்தவள் தூங்கிப் போனாள். யாராவது வந்து எழுப்பப் பார்த்தால் சின்னவள் கையைக் காட்டி விரட்டினாள். முதலாளி தேடுகிறார் என்று ஆள் வந்தபோது, தேடட்டும் என்றாள். அந்தத் தைரியம் அவளுக்கு எங்கிருந்து வந்ததோ!

எழுந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. முகம் கழுவிக்கொண்டு உள்ளே போய்ப் பார்த்தாள். இரண்டு துண்டும் மேசையில் அப்படியே கிடந்தன. பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. ஒன்று பழைய திரையின் அமைதியான சிவப்பு. மற்றது பல்லை இளித்துக்கொண்டிருந்தது. லாட்டுக்கு லாட் ஒரு துளி, ஒரு துளி என்று ஏறியிருக்கிறது. அடுத்தடுத்த லாட்டுகளை ஒட்டி வைத்தால் எந்தக் கண்ணுக்கும் அகப்படாத துளி. கண் சிவப்பிலேயே ஊறிப்போனவளுக்கு முதலும் முடிவும்கூட ஒன்றாகிவிட்டன. தப்பு முழுக்கப் புரிந்தது. அதற்கு முன்னால் வந்தது, கண் திரும்பி வந்துவிட்டதே என்ற சந்தோஷம்.

"தினமும் முந்தின நாளோட வச்சுத்தான் பாத்தேன்" என்றாள்.

"உங்களையும் அப்படித்தான் பாத்துக்கிட்டீங்க அக்கா" என்றாள் சின்னவள். "நேத்தைக்கு இன்னைக்கு ஒண்ணும் மோசமில்ல, நேத்தைக்கு இன்னைக்கு ஒண்ணும் மோசமில்லன்னு. நாங்க பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம்."

விஷயம் முதலாளிக்குப் போனது. தொட்டிகளுக்கு நடுவே எல்லாரையும் கூட்டி வைத்துவிட்டார். மாஸ்டர் ஒரு வழி சொன்னார். லாட்டுகளை வரிசை மாறாமல் தைத்துத் தொங்கவிட்டால் பக்கத்துத் துணிக்கும் பக்கத்துத் துணிக்கும் வித்தியாசம் தெரியாதாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது, முதலாளிக்கு முகம் மலர்ந்தேவிட்டது. கடைசித் துணி பழைய திரைக்குப் பக்கத்தில் போய் நிற்குமே, அங்கே என்ன செய்வது என்று சின்னவள் கேட்டாள். மாஸ்டர் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இதை யார் சரி என்று விட்டது என்று முதலாளி கேட்டார். கேட்கும்போது அவர் பார்வை சின்னவள் மேல் இருந்தது. பருந்தக்கா தப்பு செய்திருப்பாள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அந்த நம்பிக்கையில் ஒதுங்கி நின்றிருக்கலாம். சின்னவளும் வாயைத் திறந்திருக்க மாட்டாள்.

"நான்தான் விட்டேன்" என்றாள் பருந்தக்கா. "அவள இதத் தொடவே விடல. என் கண்ணு களைச்சுப் போச்சு, எனக்கே தெரியல. முத லாட்டத் தவிர மத்ததெல்லாம் சாயத்த உரிச்சு மறுபடி ஏத்தணும்."

உன் பேர்ல தலைமைய எழுதலாம்னு இருந்தேனேம்மா என்றார் முதலாளி, வருத்தமாகத்தான். சரி, இனி இரண்டு பேரும் ராத்திரி பகல் பார்க்காமல் உட்கார்ந்து திறப்பு விழாவுக்குள் முடித்துக் கொடுத்துவிடுங்கள் என்றார்.

"அது முடியாது" என்றாள் அவள். குரல் உயரவில்லை. "எனக்கு அந்தத் தலைமை வேணும், இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா அது எனக்கு வந்தா அறை இப்படித்தான் நடக்கும். ஒவ்வொரு லாட்டுக்கும் ரெண்டு பேர் கண்ணும் வேணும். நடுவுல ரெண்டு பேரும் வெளிய போய்ட்டு வருவோம். கண்ணு களைச்சவ வாயத் தொறந்து சொல்லணும், சொன்னா அன்னைக்கு அதோட சரி. இதுக்கு ஒத்துக்கிட்டா எழுதுங்க, இல்லன்னா மாஸ்டரே இருக்கட்டும்."

வேலை மெதுவாகுமே என்றார் முதலாளி. வேகமாகப் பார்த்ததுதான் இதோ மறுபடி தொட்டிக்குப் போகிறது என்றாள் அவள். மாஸ்டர் இருமிக்கொண்டார். முதலாளி யோசித்துச் சொல்கிறேன் என்று போனார். யோசித்துச் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு இரண்டு மருமகள்களும் வேலையைத் தொடங்கினார்கள்.

சாயத்தை உரித்து மறுபடி ஏற்றுவது என்ன லேசான காரியமா? பட்டறையே முனகியது. ஆனால் ஷேடு அறையிலிருந்து எந்த லாட்டும் இரண்டாம் தடவை தொட்டிக்குத் திரும்பவில்லை. சாம்பிளுக்காக இழுப்பறை ஓயாமல் திறந்து மூடியது. மற்ற நேரத்தில் குடோனுக்குப் பின்னால் போனால் இரண்டு டிரம், அதில் இரண்டு பேர். மூத்தவள் அங்கே உட்கார்ந்து மகளின் பாவாடையைத் தைத்துக்கூட முடித்தாள்.

கடைசி லாட்டு வந்த அன்று மாலை, லாரி வாசலிலேயே வந்து நின்றுவிட்டது. அரங்கத்து ஆட்கள் இரண்டு பேரும் அதில் வந்திருந்தார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி ஷேடு அறை வாசலில் நின்றார். ஒரு வார்த்தை, சரி என்ற ஒரே ஒரு வார்த்தைக்காக அத்தனை பேரும் நின்றார்கள். சின்னவள் துண்டைப் பார்த்து, எனக்குச் சரியாகத்தான் தெரிகிறது, ஆனால் நானும் இன்று நிறையப் பார்த்துவிட்டேன் என்றாள். பருந்தக்கா துண்டைக் கையில் எடுத்தாள். சாம்பிளோடு சேர்த்து வைத்தாள். சரியாக இருக்கிற மாதிரிதான் இருந்தது. மாதிரி! அந்தச் சொல் அவளுக்குப் பிடிக்கவில்லை. துண்டை மேசையில் வைத்தாள்.

"என் கண்ணு களைச்சிருக்கு. காலைல பாத்துச் சொல்றேன்."

இதை அவள் முனகவில்லை. மாஸ்டர் எதிரே, அரங்கத்து ஆட்கள் எதிரே, தலை நிமிர்ந்து சொன்னாள். முதலாளி அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பி டிரைவரிடம், "எஞ்சின ஆஃப் பண்ணுப்பா. தலைமையம்மா காலைல பாத்துச் சொல்றேங்கிறாங்க" என்றார்.

சின்னவள் அவள் இடுப்பில் இடித்தாள். பருந்தக்கா பையை எடுத்துக்கொண்டு, லாரியைச் சுற்றிக்கொண்டு, தெருவில் இறங்கி நடந்தாள். இன்னும் வெளிச்சம் இருந்தது. தெருக் கடைகள் அவளுக்குப் புதிதாகத் தெரிந்தன.

இந்த நேரத்தில் வீட்டு வாசலில் அவளைப் பார்த்ததும் மாமியாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையில் இருந்த துடைப்பத்தை அப்படியே போட்டுவிட்டாள். என்னடி, வேலைய விட்டுத் துரத்திட்டாங்களா என்று பதறினாள்.

"இல்ல அத்தை" என்றாள் பருந்தக்கா, செருப்பைக் கழற்றிக்கொண்டே. "நான் தூங்கி எந்திரிக்கிற வரைக்கும் ஒரு லாரியே நிக்குது."

சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பாயை விரித்தாள்.