கல்லாற்றில் குறட்டை விட்ட மோட்டார்

முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு முத்தாரம்மாள் வெளியூரில் ராத்தங்குவதை நிறுத்திவிட்டாள். கீழே குந்த முடியாது, உயரமான கக்கூஸ்தான் வேண்டும். லாட்ஜில் இருக்கும், ஆனால் ஊரான் உட்கார்ந்த இடத்தில் அவள் உட்காரமாட்டாள். சொந்தக்காரர் வீடுகளில் போய் இதைக் கேட்க வெட்கம். கல்யாணத்துக்குப் போனாலும் தாலி கட்டி இலை எடுத்ததும் அடுத்த பஸ்ஸில் திருவனந்தபுரம் வந்துவிடுவாள்.

அவள் புருஷன் திரவியத்துக்கு இது பெரிய அநியாயமாகப் பட்டது. பழவங்காடியில் பைப் கடை. கல்யாணமான நாள் முதல் கடை, கடை என்று கிடந்தவர், மகன் அனீஷ் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு, இனி பெண்டாட்டியோடு நாலு ஊர் பார்க்கலாம் என்று திரும்பினால், அவள் உட்கார்ந்துவிட்டாள். தான் தாமதமாகத் திரும்பியதுதான் தப்பு என்று அவருக்குத் தெரியும். அதனாலேயே கோபம் அதிகமாக வந்தது.

மனுஷர் சும்மா இருக்கவில்லை. கொச்சியில் ஒரு பழைய கேரவனை விலைக்கு வாங்கி, ஜீப்பின் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். உள்ளே கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, அவள் கேட்ட உயரத்தில் எல்லாம் புத்தம்புதிதாக வைத்த குளியலறை. வீட்டை விட்டு வரமாட்டேன் என்பவளுக்கு வீட்டையே சக்கரத்தில் கொண்டுவந்தாயிற்று. முத்தாரம்மாள் உள்ளே ஏறி மெத்தையை ஒருமுறை அமுக்கிப் பார்த்தாள்.

"ஒரே ஒரு நாள் பாப்பேன்," என்றாள். "மத்தியானம் சோறுண்டுட்டு கண்ணசர முடிஞ்சா பிறகு நீங்க விளிக்கிற எடத்துக்கெல்லாம் வாறேன். முடியல்லன்னா இத வித்துப்போடணும். அதுக்கப்புறம் என்னை எங்கயும் விளிக்கப்பிடாது, கேட்டியளா?"

முத்தாரம்மாளின் மத்தியானத் தூக்கம் அந்தத் தெருவுக்கே தெரிந்த விஷயம். அந்நேரம் காலிங் பெல் அடித்தவர்கள் மறுபடி அடித்ததில்லை. ஆனாலும் திரவியம் தைரியமாகச் சம்மதித்தார்.

பரீட்சைக்கு அவர் பொறுக்கிய இடம் கல்லாறு. பொன்முடி மலை ஏறத் தொடங்குவதற்கு முன்னால் வருகிற ஆற்றங்கரை. மேலே உள்ள கொண்டையூசி வளைவுகளில் கேரவனை இழுத்துக்கொண்டு ஏறுவது நடக்கிற காரியமில்லை. கீழே லிஜோ என்ற ரப்பர்க்காரருக்கு ஆற்றை ஒட்டி ஒரு தோட்டம் உண்டு. கடையில் வெகுநாளாகச் சரக்கு எடுக்கிறவர். "அண்ணாச்சிக்கு இல்லாத்த ஸ்தலமா?" என்று கேட்டைத் திறந்துவிட்டு அவர் விதுரைக்குப் போய்விட்டார். நிழல், ஆற்றுச் சத்தம், மலையிலிருந்து இறங்கிவரும் குளிர்ந்த காற்று. இங்கே தூக்கம் வராவிட்டால் வேறெங்கும் வராது.

கேரவன் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, மோட்டார் சுவிட்சைப் போட்டார். இந்த மோட்டார் நம் வீட்டுக் கிணற்று மோட்டார் மாதிரி அல்ல. குழாயைத் திறந்தால் தானாக ஓடும், அடைத்தால் தானாக நிற்கும். பைப்பில் அழுத்தம் குறைந்தால் ஓடி நிரப்பிவிட்டு மறுபடி சிவனே என்று கிடக்கும். கிர்ர்ர் என்று ஓடியது, நின்றது. திரவியம் திருப்தியாக வெளியே வந்தார். முத்தாரம்மாள் அதற்குள் வாசல் படிக்குப் பக்கத்துக் குழாயடியில் தன் எவர்சில்வர் குடத்தை வைத்துவிட்டிருந்தாள். கால் கழுவாமல் யாரும் உள்ளே ஏறக்கூடாது என்று அவள் சொன்னதற்காக, வண்டியின் வெளிப்புறத்தில் திரவியமே தன் கடைப் பித்தளைக் குழாயை மாட்டியிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து கிர்ர்ர்.

"நீ ஏதும் திறந்தியாட்டி?"

"நான் இஞ்சல்லா மீன் நறுக்கிட்டு இருக்கேன்."

நின்றது. சற்றுப் பொறுத்து மறுபடி கிர்ர்ர். ஒருவரும் குழாய் திறக்கவில்லை, மோட்டார் தன்பாட்டுக்கு விழித்துக்கொள்கிறது, இரண்டு இழுப்பு இழுக்கிறது, அடங்குகிறது. கட்டிலுக்கு நேர் அடியில்தான் அது இருந்தது. தலைமாட்டில் படுத்தால் காதுக்குள்ளேயே ஓடும்.

"யாருக்க குறட்டை இது?" என்று எட்டிப் பார்த்தாள் முத்தாரம்மாள். "எனக்கு வீட்டுல ஒண்ணு போதாதுன்னு இஞ்ச ஒண்ணா?"

"இப்பம் செரியாயிரும்," என்று சொல்லிவிட்டு திரவியம் வேட்டியை மடித்துக் கட்டினார்.

எங்கோ தண்ணீர் கசிகிறது, அவ்வளவுதான். கசிந்தால் அழுத்தம் குறையும், குறைந்தால் மோட்டார் ஓடும். பைப் வியாபாரிக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தொட்டிக் குழாய், வாஷ்பேசின், ஷவர் எல்லாவற்றையும் இறுக்கினார். கிர்ர்ர். கண்ணுக்குத் தெரியாத கசிவாக இருக்குமோ என்று முத்தாரம்மாளின் திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து, கட்டிலுக்கடியில் தவழ்ந்து, பைப் சேருகிற இடத்திலெல்லாம் ஒரு சிட்டிகை பூசினார். ஈரம் பட்டால் திருநீறு கறுத்துக் காட்டிக்கொடுக்கும். ஒன்றும் கறுக்கவில்லை. எல்லா மூட்டுகளும் குளித்துப் பூசிய பக்தர்கள் மாதிரி வெள்ளைவெளேரென்று இருந்தன.

வண்டியை விற்ற கொச்சிக்கார அபிலாஷுக்கு போன் போட்டார்.

"அண்ணாச்சி டென்ஷன் அடிக்கண்டா," என்றான் அபிலாஷ். "மோட்டாரத் தாண்டின உடனே ஒரு வால்வு உண்டு, அத அடைச்சு நோக்கு. அடைச்சிட்டும் ஓடிச்செங்கில் மோட்டார் கேடு. நின்னு போச்செங்கில் வெளிய எங்கயோ லீக்."

அடைத்தார். மோட்டார் மூச்சு விடவில்லை. திறந்தார். குறட்டை வந்துவிட்டது. மோட்டார் மேல் குற்றமில்லை என்று ஆயிற்று.

"அப்பம் அன்னைக்கு என்கிட்ட கேட்டு வெளிய நீங்க புதுசா ஒரு பைப்பு மாட்டினீங்களல்லோ, அதாயிருக்கும்," என்றான் அபிலாஷ்.

திரவியத்துக்கு உச்சி சூடேறியது. "தம்பி, அது எனக்க கடைச் சரக்கு," என்று போனை வைத்துவிட்டார். ஒழுகுகிறது என்று கடைக்குக் குழாயைத் திருப்பிக் கொண்டுவருகிறவர்களிடம், பிள்ளைகள் முறுக்கியிருக்கும் என்பார், தண்ணீரில் மண் என்பார், பிளம்பருக்கு வேலை தெரியாது என்பார். சரக்கு மோசம் என்று மட்டும் அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. எதிரில் நிற்பவர் போலீஸாக இருந்தாலும் வராது.

இருந்தாலும் வெளியே போய் ஒருமுறை பார்த்தார். சொட்டுகிற சத்தம் இல்லை. தரையில் ஈரம் இல்லை. பார்த்துப் பார்த்துத் தொண்டை வறண்டதால் கீழே இருந்த குடத்திலிருந்து ஒரு டம்ளர் மொண்டு குடித்தார். நல்ல குளிர்ச்சி. பிறகு கக்கூஸ் பிளஷ் டாங்கைக் கழற்றிப் பார்க்க உள்ளே போனார்.

சாப்பாடு ஆயிற்று. மீன்குழம்பு அமிர்தமாக இருந்தது, ஆனால் அவர் சொல்லவில்லை. முத்தாரம்மாள் படுத்தாள். ஆற்றுச் சத்தத்தில் கண் சொருகியது. கிர்ர்ர். திரும்பிப் படுத்தாள். மறுபடி சொருகியது. கிர்ர்ர். மோட்டார் சுவிட்சை அணைத்துவிட்டுத் தூங்கச் சொன்னார் திரவியம்.

"எழும்பினா கக்கூஸுக்குப் போகணும், தண்ணி வேண்டாமா? ஒவ்வொரு தடவையும் கட்டிலத் தூக்கி சுவிட்ச தேடுகதுக்கு எனக்கு ஏலாது." எழுந்து உட்கார்ந்தாள். "பாவம், நீங்களும் ஆனமட்டும் பாத்திய. நாலு மணிக்கு ஆனவண்டி உண்டுல்லா, நான் அதுல போறேன். நீங்க வண்டிய இழுத்துட்டு மெதுவா வாருங்க."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் திரவியம் சண்டை போட்டிருப்பார். பாவம் என்றதுதான் தைத்தது. தலையை மறுபடி கட்டிலுக்கடியில் விட்டுக்கொண்டார். அரசு பஸ்ஸுக்காக அவள் பையை எடுத்துக்கொண்டு இறங்குவதும், வெளியே ஏதோ உருட்டுவதும், செருப்புச் சத்தம் கேட் பக்கம் தேய்வதும் கேட்டது. கண்ணில் தண்ணீர் வந்தது. திருநீறு விழுந்துவிட்டது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

அப்படியே கிடந்தார். ஆறு சலசலத்தது. மலைக் குருவி ஒன்று கத்தியது. எவ்வளவு நேரம் கழித்து உறைத்ததோ, மோட்டார் ஓடவில்லை. காத்திருந்தார். ஓடவே இல்லை. அவள் போனதும் அது நின்றுவிட்டது.

திரவியம் வெளியே வந்தார். குடம் கவிழ்த்து வைத்திருந்தது. பித்தளைக் குழாய் இறுக்கமாக அடைத்திருந்தது. அதன் மூக்கில் பழைய சேலைக் கிழிசல் ஒன்று கட்டி, ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவர் வீட்டுக் குழாயிலும் இதே துணிதான். தண்ணீரை நூல் மாதிரி மெல்லிசாக விட்டால் மீட்டர் சுற்றாது என்பது அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் தெரிந்த சூத்திரம். கல்யாணமான புதிதில் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். சொட்டுச் சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்று துணி கட்டியது அவள். துணி வழியாகத் தண்ணீர் ஓசைப்படாமல் குடத்துக்குள் இறங்கும். இங்கேயும் வந்ததும் கை தானாகக் குழாயை நூலளவு திறந்து, துணி கட்டி, குடம் வைத்திருக்கிறது. கிளம்பும்போது வீட்டில் அடைப்பது போலவே அடைத்தும் விட்டது. மீட்டரை ஏமாற்றலாம், இந்த மோட்டாரை ஏமாற்ற முடியவில்லை. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையாக, அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டே அந்தத் தண்ணீரைக் குடித்திருக்கிறார் அவர். தினமும் பார்க்கிற துணி, கண்ணில் படவேயில்லை.

செருப்பைக்கூடப் போடாமல் ஓடினார். 'நீதாண்டி அந்தக் குறட்டை' என்று சொல்லப்போகிற சந்தோஷம் அவரைத் தள்ளிக்கொண்டு போனது. பெண்டாட்டியை வாதத்தில் ஜெயிக்கிற வாய்ப்பு தினமுமா கிடைக்கிறது?

வெயிட்டிங் ஷெட்டில் முத்தாரம்மாள் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். பக்கத்தில் வாழைக்குலையோடு ஒருவர். மேலே வளைவுகளில் பஸ் ஹாரன் கேட்டது. அவள் தலையைத் தொங்கப் போட்டு, ஆபரேஷன் செய்த முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் திரவியத்தின் கால் நின்றது. இப்போது சொன்னால் அவள் கூனிப்போவாள். கூனிப்போனவள் கட்டாயம் பஸ் ஏறுவாள். ஜெயித்துவிட்டுத் தனியாக ஜீப் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"கண்டுபிடிச்சாச்சுட்டி," என்றார் மூச்சு வாங்க.

அவள் நிமிரவில்லை. "என்னதாம்?"

"வெளிய நான் மாட்டின பைப்பு. அது லீக்கு." வாழைக்குலைக்காரரை ஒரு பார்வை பார்த்தார். "சரக்கு செரியில்ல."

இப்போது நிமிர்ந்தாள். "யாருக்க சரக்கு?"

"எனக்க சரக்குதான்."

"உங்க கடைப் பைப்பா ஒழுகிச்சு?"

"ஆமாட்டி. ஒழுகிச்சு. மோசமான சரக்கு," என்றார் திரவியம். வாழைக்குலைக்காரர் கேட்கும்படியாகவே சொன்னார்.

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்தார். முத்தாரம்மாள் அவரைப் பார்த்து, "போட்டும், நான் வரல்ல," என்று கையைக் காட்டினாள்.

திரும்பி நடக்கும்போது அவர் பையை வாங்கிக்கொண்டார். ரப்பர் மரங்களுக்குள் நுழைந்த பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"அந்தப் பைப்பு ஒழுகாது," என்றாள். "நாந்தான் திறந்து விட்டிருந்தேன். வரும்போ அடச்சேன், அப்பமே சத்தம் நின்னு போச்சு."

திரவியம் நின்றுவிட்டார். "தெரிஞ்சிட்டு பிறகும் ஏன் பஸ்ஸுக்கு வந்தே?"

"எந்த மூஞ்சிய வச்சுட்டு நிக்கச் சொல்லுதிய? காலையில இருந்து உங்கள கட்டிலுக்கடியில தவழ விட்டாச்சு. வண்டிய விக்கணும்னு நெலயா நின்னாச்சு. கடசீல பாத்தா நான். வெக்கமா இருந்து, வந்துட்டேன்."

"இப்பம் மட்டும் வெக்கம் போயிட்டா?"

"உங்க சரக்கையே நீங்க வாயால மோசம்னு சொல்லியாச்சு," என்றாள் முத்தாரம்மாள். "அத விடவா எனக்க வெக்கம் பெருசு? இனி நீங்க எங்க விளிச்சாலும் வரணும், வேற என்ன செய்ய."

திரவியத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஏதாவது நல்லதாகச் சொல்ல நினைத்து, "மீன்குழம்பு நல்லா இருந்துது," என்றார்.

முத்தாரம்மாள் கால் கழுவிக்கொண்டு ஏறி, படுத்த மாத்திரத்தில் தூங்கிப்போனாள். மலையிலிருந்து மூடுபனி இறங்கத் தொடங்கியது. திரவியத்துக்குக் கால் முழுக்கச் சேறு, டீ குடிக்க வேண்டும் போலவும் இருந்தது. ஆனால் ஆற்றில் கழுவினால் திரும்பி வருவதற்குள் மறுபடி சேறாகும், குழாயைத் திறந்தால் மோட்டார் ஓடும். அவர் சேற்றுக் காலோடு படியிலேயே உட்கார்ந்து, அவள் எழுந்திருக்கட்டும் என்று காத்திருந்தார்.