முத்திரை போன இடம்

நான்காவது முறையும் தேநீர்தான் வந்தது. மூடியை எடுத்ததும் கண்ணாடித் தம்ளரில் ஆவி பறந்தது. அடியில் கரையாத சர்க்கரை ஒரு விரற்கடை. பாக் தர்சோனோ அதை இரண்டு கைகளாலும் இலோனாவின் முன்னால் நகர்த்தி வைத்தார். எதிர் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, செப்டம்பர் பிறந்தும் வெயில் குறையவில்லையே என்றார். இலோனாவும் ஆமாம், குறையவில்லை என்றாள். நேற்றும் இதே பேச்சுதான். முந்தாநாளும்தான்.

அந்தச் சந்தின் நாற்பத்திரண்டு வீடுகளுக்கும் அவர்தான் தலைவர். 'பாக்' என்பது ஆண்களுக்கும் 'இபு' என்பது பெண்களுக்கும் இங்கே பேருக்கு முன்னால் வைக்கும் மரியாதை; 'எர்தே' என்பது பதவியின் பெயர். பன்னிரண்டு வருடமாக அதுவே அவர் பெயராகவும் ஆகிவிட்டது. யோக்யகர்த்தாவில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலில் கேட்பது, உங்கள் எர்தே கடிதம் எங்கே என்றுதான். பிறப்போ சாவோ கல்யாணமோ வீடு மாறுவதோ, அவருடைய கையெழுத்தும் அதன்மேல் ஊதா நிறத்தில் ஒரு வட்ட முத்திரையும் இல்லாமல் அடுத்த படி ஏற முடியாது. இலோனா வீடு மாறி நான்கு மாதமாகிறது. இவள் இந்த வீட்டில்தான் குடியிருக்கிறாள் என்று நான்கு வரி எழுதி முத்திரை வைத்துத் தந்தால், குடிவரவு அலுவலகத்தில் இன்னும் ஒரு வருடம் இருக்க விடுவார்கள். தனியார் கல்லூரியொன்றில் ஜெர்மன் சொல்லித்தரும் வேலை அவளுக்கு. ஹங்கேரியில் அவளுக்கென்று இருந்த வீட்டை அண்ணன் விற்றுவிட்டான். இங்கே வந்து ஆறு வருடம். காலையில் எழுந்து கதவைத் திறந்தால் யாராவது 'சாப்பிட்டாச்சா?' என்று கேட்கும் ஊர் அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

"பாக், நாளைக்கு விடுமுறை. என் அனுமதி சனிக்கிழமையோட முடியுது. இன்னைக்கு மூணு மணிக்குள்ள குடுக்கலன்னா நான் நாட்டை விட்டுப் போக வேண்டியதுதான்."

"அட, அப்படியா! செஞ்சிடுவோம், இபு லோனா. ஆகட்டும்." அவர் சிரித்தார். எழுந்திருக்கவில்லை.

வந்த புதிதில் என்றால் இலோனா மேசையைத் தட்டியிருப்பாள். இந்த ஊரில் 'ஆகட்டும்' என்பதில் பல வகை உண்டு. சில ஆகும், சில ஆகாது, சில 'தயவுசெய்து மேலே கேட்காதே' என்று கெஞ்சும். அந்த வித்தியாசத்தைக் காதால் கேட்டுப் பயனில்லை, ஆளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதைப் படிக்கவே அவளுக்கு மூன்று வருடம் பிடித்தது. இது மூன்றாவது வகை. ஆனால் ஏன்? ஜூன் மாதம் கல்யாணப் பந்தல் போட்டு மூன்று நாள் சந்து வழியை அடைத்தபோது, வண்டியை எடுக்க வழியில்லை என்று இவரிடம் வந்து சத்தம் போட்டது அவளுக்கு நினைவு வந்தது. அதுதான் மனதில் இருக்கிறதோ?

"பாக், அந்தப் பந்தல் விஷயத்துல நான் பேசினது தப்பு. மனசுல வச்சிக்காதீங்க."

அவர் பதறிப்போனார். "ஐயையோ! அதை யாரு நினைச்சா? அதெல்லாம் இல்ல. அதெல்லாம் ஒண்ணுமே இல்ல." சொல்லும்போதே காதுமடல் இரண்டும் சிவந்தன.

இலோனா தேநீரை எடுத்து ஒரு வாய் குடித்தாள். தேயிலைத் தூள் நாக்கில் ஒட்டியது. நேற்றும் ஒட்டியது. அதற்கு முன் இந்த வீட்டுத் தேநீரில் தூள் மிதந்து அவள் பார்த்ததே கிடையாது. தம்ளரைக் கீழே வைத்துச் சுற்றிலும் பார்த்தாள். அலமாரிக் கண்ணாடியில் விரலால் எழுதலாம் போலத் தூசி. வாசல் கொடியில் நாலைந்து சட்டைகள், எல்லாம் ஆண் சட்டைகள்.

"இபு சுமிலா ஊர்ல இல்லையா?"

மனைவியின் பேரைக் கேட்டதும் பாக் தர்சோனோ தம்ளரின் மூடியைத் திருப்பித் திருப்பி வைத்தார். பக்கத்து வீட்டுக் கூண்டில் ஒரு புறா கூவலைப் பாதியில் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கியது.

"பாந்துல் ஊர்ல அவ தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கா," என்றார். பிறகு தரையைப் பார்த்து, "முத்திரையும் அவகிட்டதான் இருக்கு," என்றார்.

"எப்போ வருவாங்க?"

"அது தெரிஞ்சா..." என்று நிறுத்தினார். "பத்தொம்பது நாளாச்சு."

மணி பத்தரை. இலோனா எழுந்து வண்டிச் சாவியை எடுத்தாள். "கிளம்புங்க பாக். பின்னாடி உக்காருங்க, நான் ஓட்டுறேன்."

கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, வண்டி ஓட்டக் கூடாது என்றார்கள், அதனால்தான் போகவில்லை என்று அவர் சொல்லத் தொடங்கினார். அவள்தான் ஓட்டப்போகிறாள் என்பது உறைத்ததும் அந்தக் காரணம் கையை விட்டுப் போயிற்று. உள்ளே போனவர் கால் மணி நேரம் கழித்து, கல்யாணத்துக்குப் போடும் பட்டிக் சட்டையில், தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு வந்தார். இவ்வளவு நாள் போகாததற்குக் கண் மட்டும் காரணம் இல்லை என்று இலோனாவுக்கு அப்போது புரிந்தது.

சந்து முனையில் சூப்புக் கடை வார்சினி கரண்டியோடு வெளியே வந்து பார்த்தாள். "அடேயப்பா, எர்தே மாப்பிள்ளை கிளம்பிட்டாரே! ஒருவழியா!" என்றாள். கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் கிண்ணத்துக்குள் குனிந்து சிரித்தார்கள். இந்தச் சந்தில் தன்னைத் தவிர எல்லோருக்கும் விஷயம் தெரியும் என்று இலோனாவுக்குப் பட்டது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்களோ என்னவோ. கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறதே.

பெரிய சாலையில் ஸ்கூட்டர்கள் ஆற்று மீன்களைப் போலப் போய்க்கொண்டிருந்தன. இலோனா ஓரமாக இறங்கி, யாரையும் நிறுத்தாமல், யாருக்காகவும் நிற்காமல் கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்கு வந்து சேர்ந்தாள். முதல் வருடம் இதே இடத்தில் இடைவெளி வரட்டும் என்று இருபது நிமிடம் காத்திருந்தவள் அவள். இடைவெளி வராது, அதற்குள் மெதுவாகப் போனால் தானாக உண்டாகும் என்பதை யாரும் சொல்லித் தரவில்லை.

பின்னால் இருந்தவர் வழி சொன்னார். "அடுத்த விளக்குல கிழக்க. அப்புறம் தெக்க."

"இடமா வலமா சொல்லுங்க பாக்!"

"அது நீங்க எந்தப் பக்கம் பாத்து நிக்கிறீங்கங்கறதைப் பொறுத்து மாறுமே, இபு. கிழக்கு மாறாதுல்ல?"

ஊருக்கு வடக்கில் ஒரு எரிமலை இருக்கிறது. அது தெரிகிற நாளில் அவளுக்குத் திசை தெரியும். இன்று மேகம் மூடியிருந்தது. தப்பான பக்கம் திரும்பி அரை கிலோமீட்டர் போய்த் திரும்பினார்கள். நடுவில் சந்தைப் பக்கம் நிறுத்தச் சொன்னார். வெறுங்கையோடு மச்சினி வீட்டுக்குப் போக முடியுமா? வாழைப்பழம் ஒவ்வொரு சீப்பாகத் தூக்கிப் பார்த்து, கடைசியில் முதலில் எடுத்ததையே வாங்கினார். இலோனா கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டாள்.

வெளிவட்டச் சாலை விளக்கில் சிவப்பு நூற்றுப் பதினெட்டிலிருந்து எண்ணத் தொடங்கியது. நடைபாதையில் நாலு பேர் மூங்கில் கருவிகளைக் குலுக்கி வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய சத்தத்துக்கு நடுவே, அவள் முதுகுக்குப் பின்னால் பாக் தர்சோனோ பேசினார். நேருக்கு நேர் இருந்தபோது வராத பேச்சு.

"சுதந்திர தின விழாவுல எனக்குச் சான்றிதழ் குடுத்தாங்களே, சிறந்த எர்தேன்னு. நீங்ககூடக் கைதட்டினீங்க."

"ஆமா."

"மேடையில நன்றி சொல்லச் சொன்னாங்க. ராத்திரிக் காவலுக்கு நிக்கிறவங்களுக்குச் சொன்னேன். மைக் குடுத்தவருக்குச் சொன்னேன். நாற்காலி தூக்கினவங்களுக்குச் சொன்னேன்." சிவப்பு நாற்பதுக்கு வந்திருந்தது. "பன்னெண்டு வருஷமா எல்லாக் கடுதாசியும் எழுதுறது அவ. யார் வீட்ல யாரு புதுசு, யாருக்கு உடம்பு சரியில்ல, எல்லாம் அவளுக்குத்தான் தெரியும். நான் கையெழுத்துப் போடுறவன். அவ பேரு மட்டும் வாயில வரல. மறந்துட்டேன்னு இல்ல, இபு. நம்மளையே நம்ம பாராட்டிக்கிற மாதிரி இருக்குமேன்னு..."

பச்சை விழுந்தது. நூறு வண்டிகள் ஒரே மூச்சில் கிளம்பின. இலோனாவும் கூட்டத்தோடு வண்டியை நகர்த்தினாள்.

தங்கை வீடு கரும்புக் காட்டை ஒட்டி இருந்தது. இபு சுமிலா கொல்லைப் பக்கத்தில் மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவள், இடுப்பில் புடவைபோல் சுற்றியிருந்த துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். இலோனாவின் இரண்டு கைகளையும் பிடித்து, இளைத்துவிட்டீர்களே என்றாள். கணவர் பக்கம் கண் போகவில்லை. வாழைப்பழத்தைத் தங்கை வாங்கிக்கொண்டாள். பாய் விரித்தார்கள். தேநீர் வந்தது, ஒரு தூள் மிதக்காத தேநீர். அவித்த கிழங்கு வந்தது. சோறு வந்தது. மணி பன்னிரண்டே கால். வந்த விஷயத்தை எடுத்த எடுப்பில் சொல்லக் கூடாது என்பதால், இலோனா சாப்பிட்டாள். கரும்பு எப்போது வெட்டுவார்கள் என்று கேட்டாள். மூன்று கண்டங்களில் வேலை பார்த்தவள், இவ்வளவு கஷ்டமான வேலையை எங்கேயும் பார்த்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

கடைசியில் இபு சுமிலாவே கேட்டாள். "உங்க அனுமதி இந்த வாரம்தானே முடியுது?"

"சனிக்கிழமை. கடுதாசி இன்னைக்கே குடுக்கணும்."

"குடுங்க பாப்போம்."

பாக் தர்சோனோ சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து, மனைவியிடம் நீட்டாமல் பாயின் நடுவில் வைத்தார். அவராகவே எழுதிப் பார்த்தது. இபு சுமிலா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். உதடு துடிக்கத் தொடங்கியது.

"இபு லோனா, நீங்க பல்கேரியாவா?"

"ஹங்கேரி."

"இதுல பல்கேரியான்னு இருக்கு. பொறந்த வருஷத்தைப் பாத்தா உங்களுக்கு எண்பது வயசு. வீட்டு நம்பர் சூப்புக் கடையோடது." தாளைக் கீழே வைத்தாள். "எர்தேகிட்ட சொல்லுங்க, கையெழுத்து மட்டும் அழகா இருக்குன்னு."

தங்கை வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் ஓடினாள். பாக் தர்சோனோவும் சிரித்துவிட்டார். வெட்கமும் ஆறுதலும் கலந்த சிரிப்பு.

இபு சுமிலா புதுத் தாள் கொண்டுவரச் சொல்லி, பாயில் குப்புறக் குனிந்து எழுதினாள். ஒரு எழுத்துகூட அடிக்காமல், நிதானமாக, கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி எழுதினாள். எழுதி முடித்துப் பேனாவைப் பாயில் உருட்டிவிட்டாள். கணவர் எடுத்துக் கையெழுத்துப் போட்டார். போட்டவர் பேனாவை வைக்கவில்லை. தாளின் இடது ஓரத்தில், நெருக்கி, இன்னொரு வரி எழுதினார். எழுதிவிட்டு மனைவி பக்கம் திருப்பி வைத்தார்.

'கடிதம் தயாரித்தவர்: சுமிலா, செயலாளர்.'

அதை அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"இப்படி ஒரு வரி இந்தக் கடுதாசியில கிடையாதே, பாக்னே," என்றாள். பாக்னே என்பது வீட்டில் அவள் கணவரைக் கூப்பிடும் பெயர். வந்ததிலிருந்து அவரைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை. "அலுவலகத்துல திருப்பி அனுப்பிட்டா இவங்க கதி?"

"திருப்பினா வேற எழுதலாம்."

"யாரு எழுதுவா?"

அவள் எழுந்து உள்ளே போய், கைக்குட்டையில் முடிந்துவைத்திருந்த முத்திரையை எடுத்து வந்து, ஊதி, அழுத்தி ஒரு தடவை வைத்தாள். பிறகு அதை மறுபடி கைக்குட்டையில் முடிந்து, தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். "நானும் வரேன். அங்க ஏதாவது சரியில்லன்னு சொன்னா முத்திரை வேணும்ல," என்று இலோனாவிடம்தான் சொன்னாள்.

அவள் இலோனாவுக்குப் பின்னால் ஒருபக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்தாள். பாக் தர்சோனோவுக்கு மச்சினி கைப்பேசியில் வாடகை பைக் ஒன்றை வரவழைத்துக் கொடுத்தாள். இரண்டு வண்டிகளும் முன்னும் பின்னுமாக நகரத்துக்கு வந்தன.

இரண்டே முக்காலுக்கு இலோனாவின் எண்ணை அழைத்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த இளம்பெண் அதிகாரி கடிதத்தைப் படித்து, இடது ஓரத்துக்கு வந்ததும் நிறுத்தினாள்.

"இது யாரு, செயலாளர்?"

"நான்தான்," என்று இலோனாவின் தோளுக்குப் பின்னாலிருந்து இபு சுமிலா சொன்னாள். "தப்பா இருந்தா மாத்திக் குடுக்கறேம்மா."

அதிகாரி அவளையும், தள்ளி நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து தன்னையே பார்த்துக்கொண்டிருந்த பட்டிக் சட்டைக்காரரையும் பார்த்தாள். "தப்பு ஒண்ணும் இல்ல. எழுத்து தெளிவா இருக்கு. எங்க எர்தே எழுதுறதைப் படிக்க ஒரு ஆள் வேணும்," என்று சொல்லி, தேதி குத்தித் தட்டில் போட்டாள். அடுத்த எண்ணை அழைத்தார்கள்.

வெளியே வந்ததும் இலோனா வண்டிச் சாவியைத் தேடி எடுத்தாள். இன்னும் ஒரு வருடம். இபு சுமிலா வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு நின்றாள். "கடுதாசியோட நகலைக் கோப்புல போடணும். கோப்பு வீட்லல்ல இருக்கு," என்றாள், யாரிடம் என்று இல்லாமல். "போட்டுட்டு வந்துடலாம்."

எங்கே வந்துவிடலாம் என்று யாரும் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் ரயில் பாதையருகே வந்தபோது கேட் விழுந்துவிட்டது. வண்டிகள் வந்து வந்து நெருக்கி, கேட் கம்பிவரை ஓர் இடம் விடாமல் அடைத்துக்கொண்டன. பாக் தர்சோனோவின் வாடகை பைக் எப்படியோ புகுந்து பக்கத்தில் வந்து நின்றது. அவர் நேரே கேட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் தலைக்கவசத்தின் வார் அவிழ்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. இபு சுமிலா இருந்த இடத்திலிருந்தே சாய்ந்து, இரண்டு வண்டிகளுக்கும் நடுவே கையை நீட்டி, அந்த வாரைப் பிடித்தாள். பூட்டு பொருந்தவில்லை. "தலையைத் தூக்குங்க," என்றாள். அவர் தாடையை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு கண்ணை மூடினார். ரயில் வந்தது, தரை அதிர்ந்தது, தூசி எழுந்தது. கடைசிப் பெட்டி போய் கேட் மேலே ஏறத் தொடங்கியது. பின்னால் நின்றவர்கள் மெல்ல ஒரு தடவை ஹாரன் அடித்தார்கள். அவள் இன்னும் பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். இலோனா காலைத் தரையிலிருந்து எடுக்காமல் நின்றாள்.