மறுபக்கம் இல்லாத வழி

மலையின் பக்கவாட்டில் மட்டமாகக் குடைந்த வழியைச் சுரங்கத்தில் அடிட் என்பார்கள். நெருங்கிச் செல்வதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததாம். அண்ணனைப் புதைத்த பிறகு அகராதியில் பார்த்தேன். ரயில் குகைக்கு இரண்டு வாய். அடிட்டுக்கு ஒன்றுதான். ஊறும் தண்ணீர் ஓர வாய்க்காலில் தானாக வெளியே ஓட வேண்டும் என்பதால், உள்ளே போகப் போகத் தரை லேசாக ஏறும்.

கூரை சரிந்து இருவர் செத்தார்கள். புது முட்டுக் கொடுக்காமல் வேலை இல்லை என்று நான், அண்ணன், தங்கையின் கணவன் மூவரும் உள்ளேயே உட்கார்ந்துவிட்டோம். நிர்வாகம் புதிதாக வைத்த காவல் தலைவன், அடியாட்களோடு வந்து வாசலில் பழைய டயர்களைக் குவித்தான்.

"கொளுத்துங்கடா! பொகை தாங்காம அந்தப் பக்கமா ஓடுவானுங்க. அங்க வேன் நிக்குது."

"அந்தப் பக்கமாம்டா!" அண்ணன் தொடையைத் தட்டிச் சிரித்தான். "மாமியார் வீட்டுப் பின்வாசல்னு நெனச்சுட்டான்."

மச்சான் சிரிக்கவில்லை. "யோவ், வேற பக்கமே இல்லய்யா!" என்று வாசலை நோக்கி ஓடினான். உருட்டுக்கட்டை அவன் நெற்றியைப் பிளந்தது. அண்ணன் அவனை இழுத்து வருவதற்குள் டயர்கள் பற்றிக்கொண்டன. புகை கூரையைத் தொட்டபடி எங்களைத் தாண்டி உள்ளே ஏறியது.

"அண்ணே, உள்ளதான் பொகை சேரும். வாய்க்கால்ல மூஞ்சிய வெச்சு வெளிய ஊருவோம்."

"மண்டைய ஒடைப்பானுங்கடா."

"ஒடைக்கட்டுமே!"

"இவனுக்கு இன்னொரு அடி தாங்காது. தங்கச்சிக்கு என்ன பதில் சொல்ல? கடைசியில காத்துக்குழாய் இருக்கு, அங்க கொண்டு போறேன். நீ போ."

அந்தக் குழாய்க்குக் காற்று அனுப்பும் இயந்திரத்தை அவர்கள் முன்பே நிறுத்தியிருந்தார்கள். எங்களுக்குத் தெரியாது.

எரியும் டயர்களுக்கு அடியே வாய்க்காலில் ஊர்ந்தேன். உருகிய ரப்பர் முதுகில் சொட்டியது. வெளியே தலை நீட்டியதும் தாடையில் அடித்தார்கள். பல்லும் ரத்தமுமாகத் துப்பினேன். "உள்ள ரெண்டு பேரு" என்றேன். இடுப்பில் மிதித்தார்கள்.

"அந்தப் பக்கம் வருவானுங்க" என்றான் தலைவன்.

வேன் ஓட்டுநர் மலையைச் சுற்றி மூச்சிரைக்க வந்தான். "சார், அங்க வெறும் பாறைதான் இருக்கு."

தலைவன் நெருப்பைப் பார்த்தான். பிறகு டயர்களை இழுத்துப் போடக் கொக்கி கேட்டுக் கத்தினான்.

புகை அடங்கியபின் என்னைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினார்கள். குழாயின் முனை மச்சானின் உயிரற்ற உதட்டில் இருந்தது. அண்ணனின் கை அதைப் பிடித்தபடியே விறைத்திருந்தது.