சக்கரத்தில் ஒரு பெருக்கல் குறி

ஜானகிராமன் காரைச் சுற்றி வந்து, முன் சக்கரத்தில் ஆள்காட்டி விரலை ஓட்டிப் பார்த்தார். விரல் நுனி கறுத்தது. சட்டைப் பையிலிருந்து மஞ்சள் சாக்குக்கட்டியை எடுத்துச் சக்கரத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு, பேப்பர் படிக்கப் போனார். தொழிற்சாலையில் அவருக்கு வேலையே அதுதான். தேறாத உருப்படிக்குக் குறி போட்டு ஓரங்கட்ட வேண்டும். அந்தக் குறியை மேலதிகாரிகூட அழிக்க முடியாது என்று பெருமையாகச் சொல்வார். வீட்டில் அதை அழிப்பது மனைவி வசந்தகுமாரியின் வேலை.

ஆவடி குவார்ட்டர்ஸில் அந்த வரிசைக்கே முதல் கார் அவர்களுடையதுதான். தொண்ணூற்று மூன்று தை மாதம் வெள்ளை மாருதி வந்து நின்றபோது, வசந்தகுமாரியும் வாயெல்லாம் பல்லாக வீடு வீடாகப் போய்க் கற்கண்டு கொடுத்தவள்தான். பிரேக் பிடிக்கப் பிடிக்க ஒரு கரித்தூள் கிளம்பி முன் சக்கரங்களில் அப்பும் என்றோ, அதைத் தினமும் குத்துக்காலிட்டுத் துடைக்கத் தன் தலையில்தான் எழுதியிருக்கிறது என்றோ அப்போது அவளுக்குத் தெரியாது. கிழிந்த பனியனால் துடைப்பாள். துணி நுழையாத இடுக்கை வாயால் ஊதுவாள். ஊதின தூசு அவள் முகத்துக்கே திரும்பும். நாலு மாதமாக வறட்டு இருமல். ராத்திரியில் படுக்கவிடாத இருமல். “தூசுன்னா இருமத்தான் செய்யும்” என்று அதற்கு வைத்தியம் சொல்லிவிட்டார் மகாராசன்.

அன்றைக்குப் பிரேக் கீச்சிட்டதால் பூந்தமல்லிக்கு, அப்துல் கையூம் பட்டறைக்குக் கிளம்பினார். “நானும் வர்றேன், தூசு வராத பிரேக் பேடு இருக்கான்னு கேக்கணும்” என்று அவர் பதிலுக்குக் காத்திராமல் முன்னால் ஏறி உட்கார்ந்தாள்.

கையூம் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினார். “இன்னா சார், போட்டு நாலு மாசங்கூட ஆவல. இரும்பு தெரியுது பாருங்க.”

“தூசு கம்மியா வர்ற மாதிரி இருக்குங்களா?” என்று வசந்தகுமாரி கேட்டாள். கையூம் இரண்டு அட்டைப் பெட்டிகளை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தார்.

“இது போன தடவ போட்டது. தொட்டா கப்புனு புடிக்கும், தூசும் கொட்டும். இது கொஞ்சம் கெட்டி. காத்தால மொத ரெண்டு மிதி மெதுவாத்தான் புடிக்கும், ஆனா தூசு கம்மி. நிதானமா ஓட்டுனா இதான் சரி.”

அவள் இரண்டாவது பெட்டியை எடுத்தாள். ஜானகிராமன் அதை அவள் கையிலிருந்து வாங்கிப் பலகையில் வைத்துவிட்டு, முதல் பெட்டியைக் கையூமிடம் நீட்டினார்.

“எனக்குப் பிடிதான் முக்கியம். தூசு என்ன தூசு, துடைச்சாப் போச்சு.”

“யார் சார் தொடைக்கிறது?”

அவர் சிரித்துக்கொண்டே மோவாயால் அவளைக் காட்டினார். “அதுக்குத்தான் ஆள் இருக்கே.”

வசந்தகுமாரிக்கு உடம்பு பற்றி எரிந்தது. ஆள். பதினேழு வருடம் சோறு வடித்துப் போட்டவள், முன்பின் தெரியாத பட்டறையில், ஆள். இருமல் முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கையூமுக்கு முகம் சுண்டிப்போனது. “அக்கா, வாயால மட்டும் ஊதாதீங்க. ஈரத்துணி வெச்சி தொடைங்க. எங்க நைனா இத்த ஊதி ஊதியே நெஞ்சடைச்சிதான் போனாரு.” பிறகு அவர் பக்கம் திரும்பினார். “கோச்சிக்காதீங்க சார். பேடு மேல தப்பில்ல. கால் மேலதான் தப்பு. எட்டி எட்டி மிதிச்சிகினே கீறீங்க. புதுசு போட்டுக் குடுக்கறேன், நாலு நாளைக்கினா மெதுவா மிதிங்க.”

நாலு நாள் எங்கே, நாலு மைல்கூடத் தாங்கவில்லை. பருத்திப்பட்டில் ஓர் எருமை ஓரமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. தூரத்திலிருந்தே தெரிந்தது. கிட்டத்தில் போய் ஓங்கி மிதித்தார். வசந்தகுமாரியின் நெற்றி முன்னால் போய் இடித்துக்கொண்டது.

“பாத்தியா, எப்படிப் பிடிக்குது!” என்றார்.

அவள் நெற்றியைத் தேய்த்தபடி அவருடைய வலது காலையே பார்த்துக்கொண்டு வந்தாள். வழியில் அது இன்னும் பதினோரு தடவை மிதித்தது.

சாயங்காலம் இரண்டு முன் சக்கரங்களிலும் குறி விழுந்தது. வசந்தகுமாரி பனியன் துணியைத் தொடவில்லை. நெற்றி வீக்கத்துக்கு மஞ்சள் அரைத்துப் போட்டுக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை தொழிற்சாலைச் சங்கு ஊத ஐந்து நிமிடம் இருந்தது. ஜானகிராமன் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். சாக்குக்கட்டி இல்லை. “குமாரி, சாக்குக்கட்டி எங்க?” என்று கத்தினார். உள்ளேயிருந்து இருமல் மட்டும் கேட்டது. முணுமுணுத்துக்கொண்டே வாசற்படியில் உட்கார்ந்து ஷூவை இழுத்தார். பளபளவென்று பாலிஷ் போட்டு வைத்திருந்தாள். வலது ஷூவின் மூக்கில் மஞ்சளாக, அழுத்தமாக ஒரு பெருக்கல் குறி. இடது ஷூவில் ஒன்றுமில்லை. அது தேறியிருந்தது.