முதுகில் ஒன்று, மார்பில் ஒன்று

புருஷோத்தமன் பையை மாட்டிக்கொண்டு பைக்கில் உட்கார்ந்த பிறகு, பின்னால் சிவசங்கரிக்கு இடமே மிஞ்சவில்லை. எப்படியோ ஒடுங்கி ஏறிக்கொண்டாள். ஆரஞ்சு நிறப் பையின் விறைப்பான பக்கம் அவள் நெஞ்சில் முட்டியது. பிடித்துக்கொள்ள அவருடைய தோளும் எட்டவில்லை, இடுப்பும் எட்டவில்லை. கடைசியில் கையைப் பின்னால் வளைத்து அங்கிருந்த கம்பியைப் பற்றிக்கொண்டு, கழுத்தைப் பின்னுக்கு இழுத்தபடி உட்கார்ந்தாள். ஜமுனாமரத்தூர் கடைத்தெருவில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கார்த்திகை மாதத்து ஈரக் காலையில், ஒரு புருஷனும் பெண்டாட்டியும் விண்வெளிக்குப் போகிறவர்களைப் போல வேஷம் கட்டிக்கொண்டு கிளம்பினால் யார்தான் பார்க்கமாட்டார்கள். அவர் முதுகில் அந்தப் பை. அவள் சுடிதாருக்கு மேலே கறுப்பு நிறத்தில் கையில்லாத ஒரு கோட்டு. அதன் காலர் தலையணை மாதிரித் தடித்திருந்தது. இடது மார்பில் சிவப்பாக ஒரு கைப்பிடி தொங்கியது. நெஞ்சுப் பட்டையின் கொக்கியிலேயே சின்ன விசில் ஒன்று இருந்தது.

இரண்டும் கூரியரில் வந்திருந்தன. புருஷோத்தமன் பட்டாளத்தில், பனிமேல் சறுக்கி ஓடும் பனி ஸ்கூட்டர் ஓட்டியவர். பென்ஷன் வாங்கிக்கொண்டு வந்த பிறகும் குளிர்காலத்தில் மட்டும் காஷ்மீரில் ஒரு சுற்றுலாக் கம்பெனிக்குப் போய், வருகிறவர்களைப் பின்னால் உட்கார வைத்துப் பனிமலையில் ஓட்டிக் காட்டுவார். இந்த வருஷம் முதலாளி எல்லா டிரைவர்களுக்கும் காற்றுப்பை வாங்கப் போகிறார். பையாக முதுகில் மாட்டுவதா, வெஸ்ட்டாக உடம்போடு போட்டுக்கொள்வதா என்று மூத்தவரான புருஷோத்தமன்தான் சொல்ல வேண்டும். மாதிரிக்கு முதலாளி ஒவ்வொன்று அனுப்பியிருந்தார். காற்று அடைத்த சிலிண்டரைக் கூரியரில் ஏற்றமாட்டார்கள் என்பதால் அது இல்லாமல் வந்திருந்தது. இன்று சாயந்திரத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

அது எப்படி வேலை செய்யும் என்று அவர் சொன்னபோது சிவசங்கரிக்கு உடனே விளங்கிவிட்டது. பனி சரிந்து வரும்போது கைப்பிடியை இழுத்தால் சிலிண்டர் திறந்து, தலையைச் சுற்றி ஒரு பெரிய பலூன் விரியும். ஓடுகிற பனியில் பெரிதாக இருப்பது மேலே மிதந்து வந்துவிடும். அவள் சாமை மில்லில் வேலை செய்கிறவள். முறத்தைக் குலுக்கினால் பெரிய கட்டிகள் மேலே ஏறி வருவதைத் தினமும் பார்க்கிறாள். ஆனால் பையானாலும் இதேதான், வெஸ்ட்டானாலும் இதேதான். சண்டை வேறு இடத்தில் இருந்தது.

போன மாசி மாதம் வக்கார் செத்துப்போனார். வாணியம்பாடிக்காரர், பட்டாளத்திலிருந்தே புருஷோத்தமனுக்குக் கூட்டாளி. அதே கம்பெனியில் முன்னால் ஒரு வண்டி அவர் ஓட்ட, பின்னால் ஒரு வண்டி இவர் ஓட்டினார். வக்காரிடம் சொந்தமாக வாங்கிய ஒரு காற்றுப்பை இருந்தது. பின்னால் உட்கார்ந்த பெண், பை முட்டுகிறது என்று முகம் சுளித்திருக்கிறாள். அவர் அதைக் கழற்றி வண்டியின் பின்பக்கம் கட்டிவிட்டார். அந்தப் பெண்ணை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பும்போதும் அதை எடுத்து மாட்ட மறந்துவிட்டார். பனிச்சரிவு வந்தது. புருஷோத்தமன் குதித்துத் தப்பினார், ஆனால் அவருடைய வண்டி மூடிக்கொண்டது. பனியைத் தோண்டும் ஷவல் அந்த வண்டியில் இருந்தது. கையாலும் ஹெல்மெட்டாலும் தோண்டியிருக்கிறார். தோண்டி எடுத்தபோது வக்காரின் உதடு நீலமாக இருந்தது என்று ஒரே ஒரு முறை சொன்னார். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசியதில்லை.

வாணியம்பாடிக்குத் துக்கம் கேட்கப் போனபோது வக்காரின் மனைவி தஸ்லீம் சிவசங்கரியின் கையைப் பிடித்துக்கொண்டு, பை நன்றாகத்தான் இருந்ததாம் அக்கா, வண்டியில் கட்டி வைத்திருந்தாராம் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் சிவசங்கரிக்குக் காதில் அதுதான் கேட்டது. கழற்ற முடிகிற எதையும் இவருக்குக் கொடுக்கக் கூடாது. அவள் அந்தச் சாவிலிருந்து எடுத்துக்கொண்டது இது. அவர் அதே சாவிலிருந்து எடுத்துக்கொண்டது ஷவல் முதுகில் இருக்க வேண்டும் என்பதை. பையில் ஷவலுக்கும், பனிக்குள் குத்தித் தேடும் மடக்குக் கம்பிக்கும் இடம் இருந்தது. வெஸ்ட்டில் இல்லை.

போகாதீங்க என்று அவள் சொல்லிப் பார்த்து முடித்தாயிற்று. இந்த ஒரு சீசன் என்றார். போன வருஷமும் அதைத்தான் சொன்னார். இப்போது அவள் கையில் மிச்சம் இருந்தது, எதை மாட்டிக்கொண்டு போவார் என்பது மட்டும்தான். அதையாவது விடக் கூடாது என்று இருந்தாள். அதனால்தான் கணியம்பாடியில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போகிற சாக்கில், பாதி வழி பையோடும் பாதி வழி வெஸ்ட்டோடும் ஓட்டிப் பார்க்கலாம் என்று அவளே சொன்னாள். பின்னால் உட்காருகிறவர்களுக்கு எப்படி இருக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளலாமே. அதுவரைக்கும் வெஸ்ட்டைத் தானே போட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள்.

அமிர்தி இறக்கத்தில் ஒவ்வொரு வளைவிலும் பை அவளைப் பின்னால் தள்ளியது. இரண்டு முறை அவள் விழப் பார்த்தாள். அவர் தெரியாதவர் போல ஓட்டிக்கொண்டிருந்தார். மூன்று நாள் மழையில் மலை ஊறிப்போயிருந்தது. சாலையின் குறுக்கே செம்மண் தண்ணீர் ஓடியது. ஒரு வாடகை ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போனது. ஓட்டுகிறவர் சிங்காரம். பின்னால் அங்கன்வாடி டீச்சர் அன்பரசி மட்டும் உட்கார்ந்திருந்தாள். சிவசங்கரியின் கோட்டைப் பார்த்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு கை காட்டினாள்.

"இப்ப தெரியுதா?" என்றாள் சிவசங்கரி அவர் காதருகே. "இப்படி முட்டிகினு இருந்தா எவ உக்காருவா? கழட்டுங்கனு தான் சொல்லுவா. நீங்களும் கழட்டிடுவீங்க."

அவர் வேகத்தைக் குறைத்தார்.

முதலில் சத்தம்தான் வந்தது. லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற மாதிரி, ஆனால் நிற்காமல் நீண்டுகொண்டே போன சத்தம். அடுத்த வளைவைத் திரும்பியபோது சாலை இல்லை. மலைப் பக்கமிருந்து மண் வழிந்து, ஜீப்பைப் பள்ளத்துப் பக்கச் சுவரில் தள்ளி, ஜன்னல் வரைக்கும் மூடியிருந்தது. சிங்காரம் சுவரின் மேலே ஏறி நின்று தலையில் அடித்துக்கொண்டிருந்தார். பேச்சு கோர்வையாக வரவில்லை. வழியில் கல் விழுந்து கிடந்தது, இரண்டு பேரும் இறங்கி உருட்டினோம், மண் வந்தது, நான் தாவிவிட்டேன், டீச்சரைக் காணோம் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

புருஷோத்தமனின் முகம் மாறிவிட்டதைச் சிவசங்கரி பார்த்தாள். அவர் காஷ்மீரில் இருக்கும்போது எப்படி இருப்பார் என்பது அவளுக்கு முதல் முறையாகத் தெரிந்தது. அவசரமே இல்லை. சிங்காரத்தைக் கத்தாமல் இருக்கச் சொல்லிவிட்டு, அசையாமல் நின்று காது கொடுத்தார். பிறகு சரிவை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தார்.

"சங்கரி, நீ இங்கயே நில்லு. மேல மட்டும் பாத்துகினு இரு. கொஞ்சம் அசஞ்சாலும் விசில் ஊது. வேற எதுவும் செய்யாத."

சொல்லிக்கொண்டே பையைக் கழற்றினார். கொக்கிகள் ஒரே நொடியில் விட்டன. கம்பியையும் ஷவலையும் உருவிக்கொண்டு பையை மண்ணில் எறிந்தார். அது ஜீப்புக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது. கழற்றிவிட்டார். இவ்வளவு நேரம் அவள் எதைச் சொல்லிக்கொண்டு வந்தாளோ அது அவள் கண் முன்னாலேயே நடந்துவிட்டது. ஆனால் கழற்றாமல் அவர் ஷவலை எப்படி எடுத்திருப்பார் என்பதும் அதே நேரத்தில் தோன்றியது.

அவர் கம்பியை நீட்டிப் பூட்டி, ஜீப்பின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்திக்கொண்டே நகர்ந்தார். ஓரிடத்தில் நிறுத்தினார். இன்னொரு முறை மெதுவாகக் குத்தினார். உடனே தோண்ட ஆரம்பித்தார். சிங்காரமும் இறங்கி வந்து கையால் அள்ளினார். ஜீப்பின் அடியில் கொஞ்சம் வெற்றிடம் இருந்திருக்கிறது. முதலில் முடி தெரிந்தது, பிறகு நெற்றி. புருஷோத்தமன் விரலை விட்டு வாயிலிருந்த மண்ணை வழித்து எடுத்தார். அன்பரசி இருமினாள். அந்த இருமலைக் கேட்டதும் சிவசங்கரிக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. மேலே பார்க்க வேண்டும் என்பது ஒரு கணம் மறந்துபோனது.

திரும்பிப் பார்த்தபோது சரிவின் உச்சியில் ஒரு மரம் அசைந்தது. காற்று இல்லை. கூழாங்கற்கள் சரசரவென்று உருண்டு வந்தன.

அவள் விசிலை ஊதினாள். அவர் நிமிர்ந்தார். அவளைப் பார்த்தார், மேலே பார்த்தார். மறுபடி குனிந்து தோண்டினார். அன்பரசியின் கால்கள் இன்னும் உள்ளே இருந்தன. சிங்காரம் எழுந்து ஓடி வந்துவிட்டார். சிவசங்கரி மறுபடி ஊதினாள், மூச்சு தீரும் வரை ஊதினாள். அவர் இப்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முழங்காலில் நின்று, ஷவலைக் குறுக்கே பிடித்து, அந்தப் பெண்ணின் கால்களைச் சுற்றி மண்ணைச் சீவிக்கொண்டிருந்தார். மரம் முழுசாக நகர்ந்தது. வேரோடு, தான் நின்ற நிலத்தோடு சேர்ந்து நகர்ந்தது.

அவள் கை தானாகவே மார்புக்குப் போய் அந்தச் சிவப்புக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தது. தோள் வலிக்கிற அளவுக்கு இழுத்தாள். டக் என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. சிலிண்டர் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். இருந்திருந்தாலும் விரிந்திருக்கப் போவது அவள் தலையைச் சுற்றித்தான், அவர் தலையைச் சுற்றி அல்ல. அதுவும் அவளுக்குத் தெரியும். ஆனாலும் இன்னொரு முறை இழுத்தாள்.

அவர் அன்பரசியின் அக்குளில் கையைக் கொடுத்துப் பின்னோக்கி இழுத்துக்கொண்டு வந்தார். அவள் கால் ஒன்று தப்பான பக்கம் திரும்பியிருந்தது. அலறினாள். சிவசங்கரி ஓடிப்போய் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். மூன்று பேருமாகச் சாலையின் ஓரத்தில் வந்து விழுந்தார்கள். மண் அவர்கள் காலடி வரைக்கும் வந்து நின்றது. ஜீப்பும் தெரியவில்லை, பையும் தெரியவில்லை.

கீழேயிருந்து வந்த பஸ்காரர்கள் போன் செய்து, மண்ணுக்கு அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் வந்தது. அன்பரசியை ஸ்ட்ரெச்சரில் வைத்துச் சுவரோரமாகக் கடத்திக்கொண்டு போனார்கள். வலியில் முனகிக்கொண்டிருந்தவள், தன் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடும்படி சிவசங்கரியிடம் கேட்டுக்கொண்டாள். சிங்காரமும் கூடவே ஏறிப் போனார்.

புருஷோத்தமன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். புருவம் வரைக்கும் மண். கையில் ஷவல் மட்டும் இருந்தது. அதை இன்னும் விடாமல் பிடித்திருந்தார். சிவசங்கரி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவரைத் திட்ட வேண்டும் என்று இருந்தது. ஊதினேனே, கேட்டும் ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டும் என்று இருந்தது. கேட்டால் அவர் என்ன சொல்வார் என்று யோசித்தாள். ஒன்றும் சொல்லமாட்டார். அவர் வரமாட்டார், அவ்வளவுதான். அங்கே பனியில் விசில் ஊத அவள் பக்கத்தில்கூட இருக்கப்போவதில்லை. துப்பட்டாவின் காய்ந்த நுனியால் அவர் கண்ணைத் துடைத்துவிட்டாள். அவர் அதற்குக் கண்ணை மூடிக்கொண்டார்.

"வெஸ்ட்டுனே சொல்லிடறேன்" என்றார் மெதுவாக. "நீ சொன்னது சரி தான். கையி தானா கழட்டுது. எனக்கே தெரியல."

இதைக் கேட்கத்தான் அவள் இத்தனை மாதமாகக் காத்திருந்தாள். கேட்டும் உள்ளே எதுவும் இறங்கவில்லை. அன்பரசி இருமிய சத்தம்தான் காதிலேயே நின்றது. அன்று இவர் கையில் ஷவல் இருந்திருந்தால் வக்காரும் இப்படி இருமியிருப்பார், தஸ்லீமுக்கு அவர் கிடைத்திருப்பார். அவர் கையிலிருந்த ஷவலைப் பார்த்தாள். அதன் விளிம்பில் ஈர மண்ணோடு ஒரு நீள முடி ஒட்டியிருந்தது.

"அப்ப இத எங்க வச்சிக்குவீங்க?"

அவர் கண் பைக் பக்கம் போய்த் திரும்பியது. வண்டியில் என்று சொல்ல வந்தது அவளுக்குத் தெரிந்தது.

"வெஸ்ட்டு முதுகுல ஒரு உறை மாதிரி தச்சி கொடுத்தா?"

"அங்க தச்சா பலூன் வெளிய வராது, சங்கரி."

"அப்ப தொடையில?"

அவர் ஷவலையே பார்த்துக்கொண்டிருந்தார். யோசிக்கிறாரா, களைத்துப்போய்விட்டாரா என்று தெரியவில்லை. மறுபடி தூற ஆரம்பித்தது. இரண்டு பேருமே எழுந்திருக்கவில்லை. எதிரே, ஜீப் இருந்த இடத்துக்கு மேலே, அந்த மரம் கீழே சாயாமல் நின்றுகொண்டிருந்தது. தன் மண்ணோடு அப்படியே வழுக்கி வந்து, நடுச்சாலையில் காலங்காலமாக அங்கேயே வளர்ந்ததைப் போல நிமிர்ந்து நின்றது. இலைகளில் மழை விழுகிற சத்தம் கேட்டது. எங்கிருந்தோ ஒரு கொண்டைக்குருவி வந்து அதன் தாழ்ந்த கிளையில் உட்கார்ந்து, இறகைச் சிலிர்த்து உதறியது.