கருத்துப் பெட்டியில் இருபத்துமூன்று சீட்டு

விடியற்காலையில் லாரியின் பின்கதவைத் திறந்தால் முதலில் இறங்குவது நாற்றம். மூட்டை அதற்குப் பிறகுதான். ஓட்டல் மூட்டை என்றால் சென்ட்டும் சிகரெட்டும் கலந்து அடிக்கும். ஆஸ்பத்திரி மூட்டையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ரத்தம் காய்ந்து அட்டையாக விறைத்த விரிப்புகளை உதறினால் பஞ்சு விழும், ஊசி விழும், ஒருமுறை யாருடைய பல்செட்டோ விழுந்து எங்களைப் பார்த்து இளித்தது. அதை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு அடுத்த விரிப்பை உதறினோம். எல்லாம் வெளுத்து, இஸ்திரி போட்டு, மடித்து, பொழுது சாய்வதற்குள் திரும்பப் போக வேண்டும்.

அந்தச் சலவை ஆலையில் எனக்கு மை போடும் வேலை. வருகிற ஒவ்வொரு துணியின் மூலையிலும் அது யாருடையது என்று எழுத வேண்டும். அந்த மை வெந்நீருக்கும் அசையாது, சோடாவுக்கும் அசையாது. பதினொரு வருடமாக என் கட்டைவிரல் நகம் கறுப்பாகவே இருக்கிறது.

மூன்று வாரத்துக்கு முன்னால் என் நாத்தனாரின் கை இஸ்திரி உருளைக்குள் போனது. ஈர விரிப்பை அவள் ஒரு பக்கம் ஊட்டுவாள், சூடான உருளைகள் அதை இழுத்து மறுபக்கம் தள்ளும். உருளைக்கு முன்னால் ஒரு தடுப்பு உண்டு. விரல் பட்டால் போதும், இயந்திரம் அப்படியே நின்றுவிடும். துணியின் எண்ணிக்கை கூடக் கூட, தடுப்பு அடிக்கடி இயந்திரத்தை நிறுத்தி வேலையைக் கெடுக்கிறது என்று முதலாளி எரிச்சல்பட்டார். ஒருநாள் ஆலையில் மிஷின் பழுது பார்க்கும் ஃபிட்டர் வந்து அதைக் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டிவிட்டுப் போனான். அதற்கப்புறம் உருளை எதற்கும் நிற்கவில்லை. என் நாத்தனாரின் மணிக்கட்டு வரை போய், யாரோ ஓடிப்போய் மெயினை அணைத்த பிறகுதான் நின்றது.

வீட்டில் நானும் அவளும் எலியும் பூனையும்தான். குழாயடி முதல் கண்ணாடி, சீப்பு வரை சண்டை போடாத பொருள் இல்லை. ஆனால் அன்று அவள் போட்ட கூச்சல் என் காதில் குடியேறிவிட்டது. முதலாளி மாடியிலிருந்து இறங்கி வந்து சொன்ன முதல் வார்த்தை, “கவனம் வேண்டாமா?” அந்த மனிதரைப் பழிவாங்காமல் சாக மாட்டேன் என்று நான் அன்றைக்கே முடிவு செய்தேன். ஃபிட்டரையும் சேர்த்துத்தான். கம்பியை முறுக்கியது அவன் கைதானே.

அடுத்த வாரம் ஒரு பெட்டி வந்தது. விபத்துச் செய்தி எப்படியோ வெளியே போய், ஓட்டல்காரர்கள் ‘உங்கள் தொழிலாளர் பேச்சைக் கேட்கிறீர்களா’ என்று முதலாளியைக் கேட்டிருக்கிறார்கள். உடனே சுவரில் ஒரு தகரப் பெட்டியை மாட்டி, பக்கத்தில் நின்று படமும் எடுத்துக்கொண்டார்.

“நாட்டு நடப்பு, பொருளாதாரம், வீட்டுப் பாடு, எதைப் பத்தி வேணும்னாலும் மனசு விட்டு எழுதிப் போடுங்க. பேர் போட வேண்டாம். நம்ம இடத்துல எல்லாருக்கும் சுதந்திரம் உண்டு” என்றார்.

எங்களில் பாதிப் பேருக்கு எழுத வராது. வருகிறவர்களுக்கும் தங்கள் கையெழுத்தைக் காட்டப் பயம். டீ இடைவேளையில் ஒவ்வொருவராக என் மேஜைக்கு வந்து காதோடு சொன்னார்கள், நான் எழுதினேன். கைக்கு அருகில் இருந்தது மைப்புட்டிதான். துணியில் எழுதுகிற அதே கட்டம் கட்டமான எழுத்து. இருபத்துமூன்று சீட்டும் ஒரே மையில், ஒரே கையில் பெட்டிக்குள் போயின. இதைவிட முட்டாள்தனம் உண்டா? அப்போது எனக்கு உறைக்கவில்லை.

முதலாளி என்னை மாடிக்குக் கூப்பிட்டபோது சீட்டுகள் மேஜையில் பரப்பிக் கிடந்தன.

“இது உன் கையெழுத்துதானே?”

“ஆமாங்கய்யா.”

“நாட்டைப் பத்தி எழுதச் சொன்னேன். நீ என்னைப் பத்தி எழுதியிருக்கே.”

“எங்களுக்கு நாடு உங்க கேட்டுக்கு உள்ளதானே இருக்கு.”

அவர் முகம் சுண்டியது. ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். இருபத்துமூன்று சீட்டும் நானே கற்பனை செய்து எழுதியவை, தடுப்பைக் கட்டியதாகச் சொன்னது பொய் என்று அதில் இருந்தது.

“வெள்ளிக்கிழமை அரசாங்க அதிகாரி ஆலையைச் சோதிக்க வர்றார். அதுக்குள்ள கையெழுத்து போட்டுட்டு வேலையை விட்டு நின்னுக்கோ. உன் நாத்தனார் கைக்குத் தோல் ஒட்டுற ஆபரேஷனை நான் பார்த்துக்கறேன். போடலையா, ரெண்டு பேரும் தெருவுலதான். யோசிச்சு நாளைக்குச் சொல்லு.”

வீட்டில் அவள் கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வலி வரும்போது உதட்டைக் கடிப்பாளே தவிர வாயைத் திறக்க மாட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் இருக்கிறேன் என்றும் சொன்னேன்.

“போட்டுட்டு வந்தீங்கன்னு வைங்க அண்ணி, இந்தக் கையாலயே அறைவேன்.”

“ஆபரேஷன் பண்ணலைன்னா விரல் மடங்காதுன்னு டாக்டர் சொன்னாரே, மறந்துட்டியா?”

“மடங்காம போகட்டும். அவன் தயவுல ஒட்டுன தோலை நான் வாழ்நாள் பூரா பார்த்துக்கிட்டு இருக்கணுமா? நாளைக்கு அதே மிஷின்ல இன்னொருத்தி நிப்பா. நின்னுக்கிட்டு இருக்காளா இல்லையா?”

நின்றுகொண்டுதான் இருந்தாள். புதிதாகச் சேர்த்த பெண். கம்பியும் அப்படியே இருந்தது.

“எனக்கு அவன் அசிங்கப்படணும். எல்லார் முன்னாலயும் அசிங்கப்படணும். அதைப் பார்த்தா வலி பாதி குறையும்” என்றாள். எங்கள் இருவருக்கும் முதல்முறையாக ஒரே ஆசை வந்தது.

மறுநாள் வியாழக்கிழமை. வந்ததும் கையெழுத்துப் போட மாட்டேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். லாரி மூட்டைகளோடு முதலாளி வீட்டுத் துணியும் வந்தது. ஆறு வெள்ளைச் சட்டைகள். வியாபாரிகள் சங்கத்தில் நாட்டின் முன்னேற்றத்தைப் பற்றிப் பேசப் போகிறவர் அணியும் சட்டைகள். நான் மைப்புட்டியின் மூடியைத் திறந்தேன். ஒவ்வொன்றின் நெஞ்சிலும் பெரிதாக என்ன எழுதுவது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். இங்கே அதைச் சொன்னால் அச்சில் ஏறாது.

பக்கத்தில் துணி மடிக்கும் அக்கா என் கையைப் பிடித்தாள்.

“ஒரு சட்டை போனா இன்னொரு சட்டை போட்டுக்குவார்டி. நீதான் ஜெயில்ல கிடப்பே.”

“வேற என்ன பண்ணச் சொல்றீங்க?”

அவள் என் கையிலிருந்து மூடியை மட்டும் வாங்கித் திருகி மூடினாள்.

அதற்குள் மணி அடித்தார்கள். இயந்திரங்களை நிறுத்திவிட்டு எல்லோரும் உருளைக்கு முன்னால் கூடச் சொன்னார்கள். நாற்பத்தொரு பேர் நின்றோம். ஒரு கையில் அந்தத் தாள், மறு கையில் சீட்டுக் கட்டு, முதலாளி வந்தார்.

“இந்த அம்மா, இருபத்துமூணு சீட்டை இவளே எழுதிட்டு, உங்க தலையில கட்டுறா. நீங்க அப்படிப்பட்டவங்க இல்லைன்னு எனக்குத் தெரியும். இதுல ஏதாவது உங்க கருத்துன்னா முன்னால வாங்க பார்க்கலாம்.”

நான் சொன்னேன்: “எழுதினது நான். சொன்னது நான் மட்டும் இல்ல.”

“அப்ப யாரு? பேரைச் சொல்லு.”

“பேர் வேண்டாம்னு சொன்னது நீங்கதான்.”

எல்லோரும் அவரவர் செருப்பைப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், முதலாளிமேல் இருந்த கோபம் முழுவதும் அந்த நிமிடம் இவர்கள்மேல் திரும்பியது. காதோடு சொல்லும்போது இருந்த வீரம் எங்கே போனது? இவர்களுக்காகவா நான் மையைச் செலவழித்தேன்?

முதலாளி அதோடு நிறுத்தியிருந்தால் ஜெயித்திருப்பார். ஆனால் அவருக்கு என்னைக் கேலி செய்தாக வேண்டும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு சீட்டுகளைச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினார்.

“கேளுங்க இவ பொருளாதாரத்தை. ‘பொருளாதாரம் வளருதுன்னு டிவியில சொல்றாங்க. எங்க வீட்டுல வளர்றது பொண்ணோட கால் மட்டும்தான். செருப்பு அதே செருப்பு.’”

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது முதலாளிக்காகச் சிரித்த சிரிப்பில்லை.

“‘ஆட்சி மாறுது, மந்திரி மாறுது. எங்க கக்கூஸ் தாழ்ப்பாள் மட்டும் மாற மாட்டேங்குது.’ இது அரசியலாம்.”

இப்போது பெண்கள் பக்கம் முழுவதும் சிரிப்பு. தாழ்ப்பாள் உடைந்த கதவைக் காலால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்த ஒவ்வொருத்தியும் சிரித்தாள்.

“‘எல்லாக் கட்சியும் ஏழைக்காகத்தான் பாடுபடுதாம். ஏழைங்க குறைஞ்சிடக் கூடாதேன்னு பாடுபடுதோ என்னமோ.’”

கொதிகலனைக் கவனிக்கும் மாமாவின் காது மடல் சிவந்தது. தன் வார்த்தை முதலாளி வாயிலிருந்து வருவதை அந்த மனிதர் வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்கிறார். நிமிர்ந்து நின்றார்.

“‘விபத்துன்னு சொல்லாதீங்க. தடுப்பைக் கட்டுன கம்பி தானா நடந்து வந்ததா?’” இதைப் படிக்கும்போது முதலாளியின் குரல் இறங்கியது. அது என் சீட்டு. சிரிப்பு நின்றது. உருளையில் இன்னும் சூடு இருந்தது, அதன் வாடை எல்லோர் மூக்கிலும் ஏறியது.

அவசரமாக அடுத்ததை எடுத்தார். “இதைப் பாருங்க. ‘கருத்து ஏதும் இல்லை.’ இதைக்கூட இவதான் எழுதியிருக்கா. எண்ணிக்கைக்கு!”

அந்தச் சீட்டைச் சொன்னவன் ஃபிட்டர். அன்று கடைசி ஆளாக என் மேஜைக்கு வந்து, நெடுநேரம் நின்று, “கருத்து ஏதும் இல்லைன்னு எழுதுங்கம்மா” என்றான். நான் அவன் முகத்தைப் பார்க்காமலேயே எழுதி விட்டெறிந்தேன்.

இப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். முகம் வெளிறியிருந்தது.

“அது என்னோடதுங்கய்யா.”

“என்ன?”

“அந்தச் சீட்டு. ஆனா அது போன வாரத்துக் கருத்து. இப்ப வேற இருக்கு.” அவன் உருளைப் பக்கம் கையைக் காட்டினான். “கம்பியைக் கட்டுனது நான். கட்டுடான்னு சொன்னது நீங்க. வேண்டாம்னு ரெண்டு தடவை சொன்னேன். மூணாவது தடவை சொல்ல எனக்கு தைரியம் இல்ல.”

நான் மூன்று வாரமாக மனதுக்குள் கொன்றுகொண்டிருந்த ஆள் இவன்தான். மன்னித்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவனுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

“ஏழை குறைஞ்சிடக் கூடாதுன்னு சொன்னது நானுங்க” என்று கொதிகலன் மாமா வந்தார். “தாழ்ப்பாள் என்னுது” என்று மடிக்கும் அக்கா வந்தாள். “செருப்பு எங்க பொண்ணோடது.” அப்புறம் யார் எப்போது வந்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. சீட்டே எழுதாதவர்களும் வந்தார்கள்.

முதலாளி தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பை உடனே அகப்படாமல் அவர் தடவியதை நான் பார்த்தேன். சந்தோஷமாகப் பார்த்தேன்.

“சரி. பேசுனது போதும். ஃபிட்டர், முதல்ல அந்தக் கம்பியை வெட்டி எடு. எல்லாரும் வேலைக்குப் போங்க.”

ஃபிட்டரின் கை பழக்கத்தில் இடுப்பில் இருந்த குறட்டுக்குப் போனது. நான் கத்தினேன்.

“தொடாதே! அது அப்படியே இருக்கட்டும். நாளைக்கு அதிகாரி வந்து தன் கண்ணால பார்க்கட்டும்!”

அவன் குறட்டை எடுத்துத் தரையில் வைத்தான். நாங்கள் உருளையைச் சுற்றி உட்கார்ந்தோம். இத்தனை நாள் கழற்ற மாட்டார்களா என்று ஏங்கிய கம்பிக்கு இப்போது நாங்களே காவல்.

“எல்லாரையும் நிறுத்திடுவேன்” என்றார்.

“நிறுத்துங்க. ஆஸ்பத்திரி விரிப்பை யார் உதறுவாங்க? நீங்களா?” என்றாள் மடிக்கும் அக்கா.

நேரம் போகப் போக, தொட்டிகளில் ஊறிய துணி புளித்து நாறத் தொடங்கியது. மாடியில் தொலைபேசி அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. ஓட்டலாக இருக்கும், ஆஸ்பத்திரியாக இருக்கும். ஒவ்வொரு மணிக்கும் என் நெஞ்சில் பால் வார்த்தது போல இருந்தது. அடிக்கட்டும் என்று நினைத்தேன். இன்னும் அடிக்கட்டும். லாரி டிரைவர் சொல்லாமல் கொள்ளாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய் என் நாத்தனாரைக் கூட்டி வந்தான். கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் வந்து என் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். “கொஞ்சம் நகருங்க அண்ணி, இங்கயுமா?” என்றாள். ஃபிட்டர் அவளைப் பார்த்துத் தலையைக் குனிந்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. எழுந்து போகச் சொல்லவும் இல்லை.

நாளை அந்த அதிகாரி எப்படிப்பட்டவர் என்று எங்களுக்குத் தெரியாது. முதலாளியின் நண்பராகவும் இருக்கலாம். இவள் கைக்குத் தோல் எங்கிருந்து வரும் என்றும் தெரியாது. யார் வீட்டிலும் அடுத்த வாரத்துக்கு வழி தெரியாது. ஆனால் உட்கார்ந்தவர்களில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

வெயில் ஜன்னலை விட்டு இறங்கும் நேரத்தில் முதலாளி மாடிப்படியில் பாதி இறங்கி வந்து நின்றார். காலையில் எங்களைக் கேலி செய்த முகம் இப்போது வேர்வையில் நனைந்திருந்தது.

“இதோ பாருங்க. உங்கள்ல யாராவது ஒருத்தர் மேல வாங்க. உட்கார்ந்து பேசிக்கலாம்.”

பதினொரு வருடத்தில் அந்த வாயிலிருந்து எங்களுக்கு வந்த முதல் ‘உட்கார்ந்து பேசிக்கலாம்’ அது. அது எங்களைப் பிரிக்கப் போட்ட தூண்டில் என்பதும் புரிந்தது. அந்த அறையில் நாங்கள் யாரும் இதுவரை உட்கார்ந்ததில்லை.

“ஒருத்தரா வர மாட்டோம்” என்றேன். “எல்லாரும் வர்றோம். உட்கார்ந்து பேசணும்னா நாற்காலி போடச் சொல்லுங்க. நாப்பத்தொரு நாற்காலி.”

“நாப்பத்திரண்டு” என்றாள் என் நாத்தனார். “என்னை எண்ண மறந்துட்டீங்களே அண்ணி.”